மகளின் எர்த் சயின்ஸ் பாடம்: தேர்வு எழுத அனுமதி இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவில் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து நேற்று மாலை ஒரு கடிதம் வந்தது. எர்த் சயின்ஸ் பாடத்தில் அவளுடைய லேப் நேரம் போதவில்லை என்றும், இப்படியே போனால் ஜூன் மாதத் தேர்வில் உட்கார முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஊரில் எந்தப் பாடத்திலும் தொண்ணூறுக்குக் கீழே வாங்காத பெண். இரவெல்லாம் அழுதுவிட்டு, இன்று பள்ளிக்கே போகமாட்டேன் என்று படுத்திருக்கிறாள். அவள் அப்பா வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறார்; இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தப் பாடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? எப்படிப் படிக்க வேண்டும்? ஒரு வருடம் வீணாகிவிடுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஏரிக்காற்று:
சகோதரி, முதலில் பதற்றத்தை விடுங்கள். நாங்கள் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்கு வந்து இறங்கியது 2022 நவம்பரில். வந்த இரண்டாவது வாரமே எரி ஏரியிலிருந்து எழுந்த பனி மேகம் எங்கள் பக்கம் ஆறடிக்கு மேல் கொட்டியது. வாசற்கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். அரிசி தீர்ந்து, மூன்று நாள் பிரெட்டும் ஊறுகாயுமாகக் கழித்தோம். அப்போது ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்த என் மகன்தான், கனடாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று இன்னும் சூடு ஆறாத ஏரியின்மேல் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரையேறியதும் பனியாக இறக்கிவிடுகிறது என்று எர்த் சயின்ஸ் புத்தகத்தை விரித்துக் காட்டினான். ஏரி உறைந்துவிட்டால் இந்தப் பனி பெரும்பாலும் நின்றுவிடும் என்பதையும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனவே இது பயப்பட வேண்டிய பாடமே இல்லை. நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

தென்னந்தோப்பு:
நாங்கள் கலிபோர்னியாவில் இருக்கிறோம். இங்கே பல பள்ளிகளில் எர்த் சயின்ஸ் என்று தனிப்பாடமே கிடையாது. உயிரியலோடு கலந்து 'தி லிவிங் எர்த்' என்றும், வேதியியலோடு கலந்து 'கெமிஸ்ட்ரி இன் தி எர்த் சிஸ்டம்' என்றும் நடத்துகிறார்கள். மாநிலம் நடத்தும் பாட இறுதித் தேர்வும் இல்லை, வகுப்பு மதிப்பெண்தான் எல்லாம். ஆகவே உங்களுக்கு வந்த கடிதம் வெறும் அச்சுறுத்தலாகத்தான் இருக்க வேண்டும், கவலைப்படாதீர்கள்.

ஸ்காபரோ அன்ரி:
தங்கச்சி, கடிதம் வந்தால் அதை வெறும் அச்சுறுத்தல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோவில் இந்தப் பாடம் பன்னிரண்டாம் வகுப்பில் விருப்பப் பாடமாக இருக்கிறது. என் மூத்த பிள்ளை அதை எடுத்தபோது, ஒரு ஒப்படையைப் பிந்திக் கொடுத்ததால் எத்தனை புள்ளி போனது என்று எனக்குத்தான் தெரியும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பரீட்சை அன்று எழுதுவதுதான் கணக்கு, இங்கே ஒவ்வொரு கிழமையும் கணக்கு. வந்த முதல் ஆறு மாதம் இது விளங்காமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பரங்கிமலைக் கல்:
நான் சென்னையில் நிலவியலில் (ஜியாலஜி) முதுகலை படித்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்கள் 'எர்த் சயின்ஸ்' என்ற பெயரைக் கேட்டதும் சமூக அறிவியலில் வரும் புவியியல் என்று எண்ணி, மலைகள், ஆறுகள், தலைநகரங்களை மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். பாறை, கனிமம், வானிலை, விண்வெளி, நிலநடுக்கம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின்கீழ் வரும் பாடம் இது. நம் ஊரில் இவற்றில் பாதி இயற்பியல் புத்தகத்திலும் மீதி சமூக அறிவியல் புத்தகத்திலும் சிதறிக் கிடக்கும். இந்தப் பாடத்தை மட்டமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பரங்கிமலையில் கிடைக்கும் சார்னோகைட் என்ற பாறைக்கு, கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அதே வகையாக இருந்ததால்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். அதே வகைப் பாறை நியூயார்க்கின் அடிரான்டாக் மலைகளிலும் உண்டு என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்?

நிழல்தேடி:
ஐயா, பாறையின் பெருமை இருக்கட்டும். என் அனுபவத்தில் வில்லங்கம், பள்ளியில் பாடங்களை ஒதுக்கும் கவுன்சலர் அறையிலிருந்துதான் தொடங்குகிறது. நடுப்பருவத்தில் வந்து சேரும் நம் பிள்ளைகளை, மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், எந்த வகுப்பில் நாற்காலி காலியாக இருக்கிறதோ அங்கே உட்கார வைத்துவிடுகிறார்கள். என் மகனை அப்படித்தான் செய்தார்கள். போதாக்குறைக்கு, பாதி வரைபடங்களில் மைல் கணக்கு, வானிலைப் படத்தில் ஃபாரன்ஹீட், பாறைக்கு மட்டும் கிராமும் சென்டிமீட்டரும். இதையெல்லாம் ஒரே ஆண்டில் பழகு என்றால் குழந்தை என்ன செய்யும்?

தென்னந்தோப்பு:
அதைச் சொல்லுங்கள். எங்கள் உறவினர் ஒருவர், 'இயற்பியல் எடுக்கவில்லையா, மண்ணைப் பற்றியா படிக்கிறான்?' என்று என் மகனிடம் விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

ஏரிக்காற்று:
எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பிள்ளை மருத்துவராக வேண்டும், மேகத்தைப் பற்றி எதற்கு என்றார்கள்.

கரும்பலகை:
எல்லோரும் சற்று நிறுத்துங்கள். அந்த அம்மா கேட்டது உறவினரைப் பற்றி அல்ல. நான் நியூயார்க் மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். லேப் நேரம் போதாவிட்டால் ஜூன் தேர்வு இல்லை என்ற சொற்களைப் பார்த்தால் ரீஜென்ட்ஸ் தேர்வை, அதாவது மாநிலமே நடத்தும் பாட இறுதித் தேர்வைப் பற்றிய கடிதம் போலத் தெரிகிறது, ஆனால் ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது. வைகைக்கரை அவர்களே, எந்த மாநிலம், எத்தனையாம் வகுப்பு, எந்த மாதம் சேர்ந்தாள், கடிதத்தில் எத்தனை நிமிடம் குறைவு என்று எழுதியிருக்கிறது? இந்த நான்கையும் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். நியூயார்க் மாநிலம், ஆல்பனிக்குப் பக்கம். மதுரையில் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜனவரி இறுதியில் வந்தோம், இங்கும் பத்தாம் வகுப்பில்தான் சேர்த்திருக்கிறார்கள். 1200 நிமிடத்தில் 520 தான் ஆகியிருக்கிறது என்று இருக்கிறது. கடிதத்தின் பின்பக்கத்திலும் ஏதோ அட்டவணை இருப்பதை இப்போதுதான் பார்த்தேன்: செவ்வாய், வியாழன், 2:45 என்று போட்டிருக்கிறது.

கரும்பலகை:
அந்தப் பின்பக்கம்தான் உங்களுக்கு வேண்டிய பதில். விட்டுப்போன லேபை ஈடுசெய்யப் பள்ளி முடிந்தபின் ஆசிரியர் அறை திறந்திருக்கும் நேரம் அது.

இந்த மாநிலத்தில் அறிவியல் ரீஜென்ட்ஸ் தேர்வுக்கு உட்கார வேண்டுமானால் 1200 நிமிட லேப் வேலையும், அதற்கான அறிக்கைகளும் கையில் இருக்க வேண்டும். நாற்பது நிமிட வகுப்பு என்றால் முப்பது லேப். உங்கள் மகள் பதின்மூன்று முடித்திருக்கிறாள், பதினேழு பாக்கி. செப்டம்பரில் தொடங்கிய வகுப்பில் ஜனவரி இறுதியில் சேர்ந்தவளுக்கு இது குறைவான எண்ணிக்கையே அல்ல. வந்த நாள்முதல் ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்று அவளிடம் முதலில் சொல்லுங்கள். லேபுக்குப் போனால் மட்டும் போதாது, அறிக்கையை எழுதி ஒப்படைத்தால்தான் நிமிடம் கணக்கில் ஏறும். செய்து முடித்தும் ஒப்படைக்காத தாள்கள் பைக்குள் மடங்கிக் கிடக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். என் வகுப்பில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பிள்ளைகளின் பையில் அவை கிடைக்கும்.

மதுரைப் பள்ளியின் செய்முறைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்திருந்தால் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்பதால் எர்த் சயின்ஸ் நிமிடமாக ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன், முடிவு பள்ளியுடையது. காட்டுவதில் நட்டம் இல்லை.

வருடம் வீணாகாது. வகுப்பில் தேறிக் கிரெடிட் (பாடத்தை முடித்ததற்கான அலகு) வாங்குவது ஒன்று, ரீஜென்ட்ஸ் தேர்வு வேறொன்று. பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயத்துக்கு மூன்று அறிவியல் கிரெடிட்டும், ஏதேனும் ஓர் அறிவியல் ரீஜென்ட்ஸில் 65-உம் வேண்டும். ஜூன் தவறினால் ஆகஸ்டிலும், அடுத்த ஜனவரியிலும் எழுதலாம். அவளுக்கு இன்னும் இரண்டு முழு ஆண்டுகள் இருக்கின்றன.

நிழல்தேடி:
அப்படியானால் ஜூனில் எழுதவே வேண்டாம், ஆகஸ்டில் நிதானமாக எழுதட்டும் என்பதே என் கருத்து.

கரும்பலகை:
நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பாடம் நினைவில் சூடாக இருக்கும்போது எழுதுவதே நல்லது. முயன்றும் நிமிடம் சேரவில்லை என்றால் ஆகஸ்ட் இருக்கிறது.

பரங்கிமலைக் கல்:
பாறைகளையும் கனிமங்களையும் அவள் மனப்பாடம் செய்துவிட வேண்டும். மோஸ் கடினத்தன்மை அளவுகோல், தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என எல்லாவற்றையும்.

கரும்பலகை:
ஐயா, அதைத்தான் செய்யக் கூடாது. 'ரெஃபரன்ஸ் டேபிள்ஸ்' என்ற கையேட்டைத் தேர்வு அறையிலேயே கொடுப்பார்கள். கனிமங்களின் பண்புகள், பாறை வகைகள், அடர்த்தி வாய்பாடு, நிலநடுக்கத்தின் பி அலையும் எஸ் அலையும் வந்து சேரும் நேரத்துக்கான வரைபடம், புவி வரலாற்றின் காலத் தொடர் அட்டவணை எல்லாம் அதில் உண்டு. எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்ற பழக்கம்தான் மதிப்பெண். நம் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துப் படித்துப் பழகியவர்கள் என்பதால் இந்தக் கையேட்டைத் தொடவே கூச்சப்படுகிறார்கள். பார்த்து எழுதுவது ஏமாற்று வேலை என்று ஒரு பையன் என்னிடமே சொன்னான்.

இன்னொன்று: 2025 ஜூன் முதல் தேர்வு மாறிவிட்டது. இப்போது அதன் பெயர் 'எர்த் அண்ட் ஸ்பேஸ் சயின்சஸ்'. ஒரு நிகழ்வைப் படம், அட்டவணை, சிறு பத்தி ஆகியவற்றோடு கொடுத்து, அதன்மேல் தொடர்ச்சியாகச் சில கேள்விகள் கேட்பார்கள். மாநிலம் வகுத்த கட்டாய ஆய்வுப் பணிகளும் அந்த 1200 நிமிடத்துக்குள் வரும், அவற்றை முடித்தாளா என்று கேளுங்கள். கையேட்டுக்கும் புதிய பதிப்பு வந்துவிட்டது. எனவே அக்கம்பக்கத்தார் கொடுக்கும் பழைய 2011 பதிப்பை வைத்துக்கொண்டு பழகாதீர்கள். பழைய வினாத்தாள்கள் தலைப்பு வாரியாகப் பயிற்சி செய்ய உதவும், தேர்வின் வடிவத்தைக் காட்டாது.

ஏரிக்காற்று:
என் மகன் தடுமாறிய இடம், வரைபடத்தில் ஓர் இடத்தின் வானிலையைச் சுருக்கிக் காட்டும் வானிலை நிலையக் குறியீடு. காற்றழுத்தத்தை 196 என்று மூன்று இலக்கத்தில் போட்டிருப்பார்கள். அதை 1019.6 மில்லிபார் என்று படிக்க வேண்டும். 987 என்றால் 998.7. ஐந்நூறுக்குக் கீழே இருந்தால் முன்னால் 10, மேலே இருந்தால் 9 என்று ஒரு மாலை முழுக்கப் பழகினோம். வானொலியில் 'காற்றழுத்தத் தாழ்வு நிலை' கேட்டு வளர்ந்த நமக்கு அதன் படம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கரும்பலகை:
இது உருப்படியான பதில், நன்றி. மதுரையிலிருந்து வந்த பெண்ணுக்கு இன்னோர் இடமும் இடறும்: சூரியனின் பாதை. மதுரையில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆல்பனியில் ஒருநாளும் நிற்காது. டிசம்பர் 21 நண்பகலில்கூடத் தெற்கே ஏறக்குறைய 24 பாகை உயரத்தில்தான் இருக்கும். 'நண்பகலில் சூரியன் தலைக்குமேல்' என்று ஊரில் கண்ணால் பார்த்த பதிலை எழுதி நம் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள். துருவ நட்சத்திரமும் அப்படியே: அதன் உயரம்தான் அந்த இடத்தின் அட்சரேகை. மதுரையில் பத்துப் பாகை, ஆல்பனியில் ஏறக்குறைய நாற்பத்து மூன்று. இரண்டு ஊரிலும் வாழ்ந்தவளுக்கு இது சுலபமாகப் பிடிபடும்.

வைகைக்கரை:
பையைப் பார்த்தோம். முடித்து ஒப்படைக்காத அறிக்கைகள் நான்கு இருந்தன. பென்சிலில் எழுதியதால் மையால் திருப்பி எழுத வேண்டும் என்று வைத்திருந்தாளாம். சம உயரக் கோடு வரைந்த தாளும் அதில் ஒன்று. எழுந்து சாப்பிட்டுவிட்டாள். ஆங்கிலம் கற்போர் பட்டியலில் அவள் பெயர் இருப்பதாகச் சேர்க்கையின்போது சொன்னார்கள், அதனால் ஏதாவது பயன் உண்டா?

கரும்பலகை:
நிச்சயமாக உண்டு. தமிழில் வினாத்தாள் கிடையாது. ஆனால் கூடுதல் நேரமும், சொல்லுக்குச் சொல் மட்டும் கொடுக்கும், விளக்கம் இல்லாத ஆங்கிலம்–தமிழ்ச் சொற்பட்டியலும் அனுமதிக்கப்படும். அதைத் தேர்வு நாளன்று கேட்காமல் இப்போதே எழுத்தில் கேளுங்கள். அந்த நான்கு தாள்களைப் பென்சிலிலேயே நாளைக் காலையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவற்றோடு, பதினேழு லேபுக்கான பாக்கி 680 நிமிடம் 520 ஆகக் குறைகிறது, மீதி பதின்மூன்று லேப். வியாழக்கிழமை 2:45-க்கு நீங்களும் ஒருமுறை உடன் போய், எந்தெந்த லேப் பாக்கி என்ற பட்டியலை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.