பே விண்டோ: "புடைசாளரம்" பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சான்பிரான்சிஸ்கோ பழைய வீடுகளில் சுவரைவிட்டு வெளியே தள்ளி நிற்கும் ஜன்னலை ஆங்கிலத்தில் 'பே விண்டோ' (bay window) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> விரிகுடாச் சாளரம் என்றே வைக்கலாமே. சான்பிரான்சிஸ்கோ விரிகுடா ஓரத்து ஊர்தானே?

வேண்டாம் ஐயா. ஆங்கிலத்தில் 'பே' என்றால் விரிகுடாவும்தான்; ஆனால் இந்த 'பே' கடல் அல்ல. சுவரில் விடும் திறப்பைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். சான்பிரான்சிஸ்கோவில் வழக்கமான மனை 25 அடி அகலம்தான். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் பக்கச் சுவரில் ஜன்னலுக்கு வழியில்லை. அதனால் விக்டோரியா காலத்தில் வீடு கட்டியவர்கள் தெருப்பக்கச் சுவரையே கொஞ்சம் வெளியே தள்ளி மூன்று பக்கமும் கண்ணாடி வைத்தார்கள். உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிர்வீடு மட்டுமல்ல, தெருவின் இரண்டு முனையும் தெரியும். தெற்குப் பார்த்த வீடானால் காலை வெயில் ஒரு கண்ணாடி வழியாகவும் மாலை வெயில் மறுகண்ணாடி வழியாகவும் வரும். இத்தாலியப் பாணி வீடுகளில் பக்கங்கள் சாய்வாக இருக்கும். பின்னால் வந்த 'ஸ்டிக்' பாணியில் பெட்டி போலச் செங்கோணமாக இருக்கும். எந்தப் பாணியானாலும் சுவரைவிட்டுப் புடைத்துத்தான் நிற்கிறது.

ஆகவே என் பரிந்துரை: புடைசாளரம். புடைப்புச் சிற்பம் என்கிறோமே, அதே புடைப்பு. 'துருத்துசாளரம்' என்றும் எழுதிப் பார்த்தேன். துருத்துவது என்றாலே பல்தான் நினைவுக்கு வருகிறது; இவ்வளவு அழகான தச்சு வேலைக்கு அந்தப் பெயர் வைக்க மனம் வரவில்லை. 'முகப்புச் சாளரம்' என்றால் முகப்பில் உள்ள எல்லா ஜன்னலும் அதில் அடங்கிவிடும்.

ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. நடுவில் 'ச்' வராது.

*

புடைசாளரம் நன்றாக இருக்கிறது அண்ணா, எடுத்துக்கொள்கிறேன். என் கட்டுரை சான்பிரான்சிஸ்கோ பிராங்க்ளின் தெருவில் 1886-இல் கட்டிய ஹாஸ்-லிலியன்தால் வீட்டைப் பற்றியது. மூலையில் உருண்டையாக எழும்பிக் கூம்புக் கூரையோடு நிற்கிறதே, 'டரெட்', அதை எப்படிச் சொல்வது? கோபுரம் என்று எழுதினால் கோயில்தான் கண்முன் வருகிறது.

*

தம்பி, கோபுரம் வேண்டாம். ஊர் ஊராக மணிக்கூண்டு என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைக்கூண்டு. படம் போடாவிட்டாலும் புரியும்.

அப்புறம், 1906 நிலநடுக்கத்தையும் தீயையும் தாண்டி நிற்கும் வீடு அது. அதன் மரத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதுவீர்கள். 'ரெட்வுட்' என்ற கலிபோர்னிய மரத்தைச் செம்மரம் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். நம் வாசகர்கள் திருப்பதிப் பக்கத்துக் காட்டு மரம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது வேறு, இது வேறு. ரெட்வுட் என்றே இருக்கட்டும்.