மறு: ஹார்மனைசர், வோகோடர் – இரண்டுக்கும் ஒரே சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம். பாடகர் குரலை மாற்றித் தரும் ஹார்மனைசர், வோகோடர் என்ற இரு கருவிகளுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் வந்த இந்தக் கருத்துக்குப் பதில் இது.

> இமோஜன் ஹீப்பின் ‘ஹைட் அண்ட் சீக்’ பாட்டில் கேட்பது வோகோடர்தானே? இரண்டையும் ‘குரற்குறியாக்கி’ என்றே சொல்லிவிடலாம்.

அது வோகோடர் இல்லை ஐயா. ரசிகர்கள் சொல்லிச் சொல்லி நிலைத்துப்போன தவறு அது. இங்கிலாந்துப் பாடகியான ஹீப், ஸ்டுடியோவில் கணினி படுத்துவிட்ட ஒரு நாள், சும்மா வீடு திரும்ப மனமில்லாமல், அங்கே கிடந்த டிஜிடெக் நிறுவன ஹார்மனைசரில் மைக்கையும் கீபோர்டையும் இணைத்துப் பாடியிருக்கிறார். தாளக் கருவி எதுவும் கிடையாது. விரல் அழுத்தும் ஒவ்வொரு கட்டைக்கும் அவர் குரலே அந்தச் சுரத்தில் கூடவே பாடும்.

வோகோடரின் வேலை வேறு. 1930களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி, பேச்சைச் சுருக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதற்காக உருவாக்கியது. குரலை அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, அவற்றின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வேறோர் ஒலியின்மேல் ஏற்றும். பாடுவது சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி, உச்சரிப்பு மட்டும் நம்முடையது. ‘குரற்குறியாக்கி’ இதற்குக் கச்சிதம், இதோடு நிற்கட்டும்.

ஹார்மனைசருக்கு இங்கே வந்த சொற்களில் ‘ஒத்திசைப்பி’யை ஏற்க முடியவில்லை. போனில் தொடர்பு எண்களை ‘ஒத்திசை’ என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ‘பல்குரலி’ என்றால் மிமிக்ரிதான் நினைவுக்கு வரும். கூத்திலிருந்து எடுத்த ‘பின்பாட்டி’ எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் வாசிப்பவர் கண்ணுக்குப் பாட்டிதான் தெரிவாள்.

என் பரிந்துரை: குரலடுக்கி. ஒரே குரல் அடுக்கடுக்காய் நிற்பதுதான் காதில் விழுவது. வினையும் எளிது: ‘இந்த அடியை மூன்றாய் அடுக்கு’ என்று ஒலிப்பதிவாளரிடம் சொல்லலாம்.

ஹீப்பைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு அவசியம். ஒலிப்பதிவையும் தானே செய்பவர் அவர். வீட்டை அடமானம் வைத்து 2005இல் ‘ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்’ பாடல் தொகுப்பை வெளியிட்டார். 2009இன் ‘எலிப்ஸ்’ அவருக்கு ஒலிப்பதிவுப் பொறியாளராகவே கிராமி விருது வாங்கித் தந்தது. 2014இன் ‘ஸ்பார்க்ஸ்’ தொகுப்பில், கையசைவால் ஒலியை மாற்றும் மி.மு கையுறைகளும் சேர்ந்துகொண்டன. கருவிப் பெயர்களைக் குழப்பினால் அவர் உழைப்பில் பாதி மறைந்துபோகும்.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் கட்டுரையில் ‘குரலடுக்கி’ என்றே இட்டுவிடுகிறேன். கையுறைக்குத் தனி இழை தொடங்கலாம், அதில் சண்டை இன்னும் பலமாக இருக்கும்.