மறு: பட்டுத் துணியை வெட்டும் முன் தைத்துப் பார்க்கும் உடைக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'மாதிரி உடை' போதுமே, எல்லோருக்கும் புரியும்.
> 'ஒத்திகை உடை' இன்னும் அழகாக இருக்கிறது.

இரண்டு பரிந்துரைகளையும் படித்தேன். எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய கவுன்களைத் தைக்கிறவள் நான். என் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் இந்தப் பொருளோடுதான் போகிறது. அதற்குப் பொருந்தாத ஒரு பெயர் நிலைத்துவிடக் கூடாது என்ற அக்கறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாம் செய்வது இதுதான். பட்டில் கத்தரி வைப்பதற்கு முன், கவுனுக்கான அதே வெட்டை, அதாவது துண்டுகளின் அதே வடிவத்தை, காடாத் துணியில் வெட்டுகிறோம். மெஷினில் இருப்பதிலேயே நீளமான தையலைப் போட்டு இணைத்து, உடம்பில் போட்டுப் பார்க்கிறோம். இழுக்கிற இடத்தில் தையலைப் பிரித்து விடுகிறோம், தொளதொளவென்று இருக்கிற இடத்தில் குண்டூசி குத்துகிறோம், பென்சிலால் கோடு போடுகிறோம், தேவைப்பட்டால் போட்டிருக்கும்போதே கத்தரித்து ஒட்டுத் துணி வைக்கிறோம். கடைசியில் எல்லாத் தையலையும் பிரித்துவிடுகிறோம். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் பட்டை வெட்டுவது. டஃபேட்டா மாதிரியான பட்டில் ஊசித் துளையும் பிரித்த தையலின் தடமும் எளிதில் போகாது. அதனால்தான் திருத்தம் எல்லாம் காடாவிலேயே முடிந்துவிட வேண்டும்.

'மாதிரி' என்றால் பார்த்து அதேபோலச் செய்வதற்கானது. தையல்காரரிடம் மாதிரிக்கு என்று கொடுப்பது, நமக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற உடையைத்தான். காடாவில் தைத்ததோ எங்கெங்கே பொருந்தவில்லை என்று காட்டுவதற்காகவே இருக்கிறது. அதைப் பார்த்து அதேபோல யாராவது தைத்தால் கவுன் கெட்டுப்போகும்.

'ஒத்திகை உடை' அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய பொருள் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. பழங்கால நாடகங்களில் நடிப்பவர்கள் நீளப் பாவாடையோடும் கார்செட்டோடும் (உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கச்சு) நடக்கவும் உட்காரவும் பழக வேண்டும் என்பதற்காக, ஒத்திகையின்போது போட்டுக்கொள்ளத் தனிப் பாவாடையும் கார்செட்டும் கொடுப்பது நாடகக் குழுக்களின் வழக்கம். 'ஒத்திகை உடை' என்ற பெயரை அதற்கே விட்டுவிடுவோம். 'சோதனைத் தையல்' என்று வேறொருவர் எழுதியிருந்தார். சிறு துண்டுத் துணியில் நூல் இழுப்பு சரியா என்று ஓட்டிப் பார்க்கிறோமே, அதற்கு அது நன்றாகப் பொருந்தும்.

அமெரிக்கர்கள் இதை 'மஸ்லின்' என்கிறார்கள், பிரிட்டனில் 'டுவால்' என்கிறார்கள். இரண்டுமே துணியைக் குறித்த சொற்கள். 'மஸ்லின்' என்று நாமும் எழுதினால், படிக்கிற புதியவர் கடையில் போய் மெல்லிய மஸ்லினையே வாங்குவார். அது உடம்பின் மேல் துவண்டு விழுமே தவிர, விறைப்பான பட்டு எங்கே மடங்கும், எங்கே இழுக்கும் என்று காட்டாது.

நான் முன்வைப்பது வெள்ளோட்டம். உடையைக் குறிக்கும்போது வெள்ளோட்ட உடை.

புதுத் தேரையும் கப்பலையும் உரிய நாளுக்கு முன் ஓட்டிப் பார்ப்பதற்கு நம்மிடம் இருக்கிற சொல்தான். குறை தெரிந்தால் திருத்துவதற்கு நேரம் இருக்கும்போதே செய்வது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. வினையும் கூடவே வருகிறது: 'வெள்ளோட்டம் விட்டாச்சா?', 'இரண்டாம் வெள்ளோட்டத்தில் இடுப்பு சரியாகிவிட்டது.' மற்ற பரிந்துரைகளில் இவ்வளவு இயல்பாக வினை அமையவில்லை.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். தேர் வெள்ளோட்டத்தில் ஓடுவது அதே தேர், இங்கே வேறு துணியல்லவா? நியாயமான கேள்வி. நாம் இங்கே ஓட்டிப் பார்ப்பது வெட்டை. துணி மாறினாலும் வெட்டு அதேதான் என்பதால் சொல் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

வினை ஏன் முக்கியம் என்பதற்கு என் கவுன்களிலிருந்தே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் கால உடையை வெறும் உடம்பின் மேல் அளந்து பயனில்லை. உள்ளே 'ஸ்டேய்ஸ்' என்கிற விறைப்பான கச்சு இருக்கும். திமிங்கிலத்தின் வாயில் இருக்கும் தகடுகளைக் கீறி உள்ளே செருகித் தைத்தது அது. நெஞ்சை மேலே தூக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, உடம்பின் வடிவத்தையே மாற்றிவிடும். ஆகவே உள்ளே கச்சு, இடுப்பில் பாவாடைகள் எல்லாம் போட்ட பிறகுதான் வெள்ளோட்டம். அப்புறம் உட்கார வேண்டும், கையைத் தூக்க வேண்டும், குனிய வேண்டும். கை தூக்க முடியவில்லை என்றால் ஆர்ம்ஹோலை, அதாவது கைப்பகுதி இணைகிற துளையை, பெரிதாக வெட்டத்தான் கை பரபரக்கும். வெட்டினால் நிலைமை மோசமாகும். கையோடு சேர்ந்து மேலுடை முழுவதும் எழும்பும். அக்குளை ஒட்டி உயரமாக, சிறியதாக இருக்கிற ஆர்ம்ஹோல்தான் கையைத் தாராளமாக அசைய விடும். வாசித்து நம்புவதற்குக் கடினமான விஷயம் இது. காடாவில் இரண்டு விதமாகவும் வெட்டிப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆளில்லாமல் மேசையில் விரித்து வைத்த காடாத் துணி இதில் எதையும் சொல்லாது. அதனால்தான் பொருளுக்கு மட்டுமல்ல, போட்டுப் பார்க்கிற செயலுக்கும் சொல் வேண்டும் என்கிறேன்.

ஒரு எல்லையையும் குறித்துவிட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் கவுன் தைத்தவர்கள் பெரும்பாலும் லினன் உள்துணியை உடம்பின் மேலேயே வைத்துக் குண்டூசி குத்திப் பொருத்தி, அதன் மேல் பட்டை மடித்து அமைத்தார்கள். பட்டுதான் விலை அதிகம், கூலி குறைவு. பழைய கவுனைப் பிரித்து மறுபடி தைப்பதும் சகஜம். அந்த உள்துணி பொருத்தம் பார்க்கத்தான் உதவியது, ஆனால் கவுனுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதை வெள்ளோட்டம் என்று அழைக்கக் கூடாது. உள்துணி என்றே இருக்கட்டும். பிரித்துப் போடுவதற்கென்றே தைத்ததற்கு மட்டும் இந்தச் சொல்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

வெள்ளோட்ட உடை: உரிய துணியை வெட்டும் முன், வெட்டின் பொருத்தத்தைப் பார்த்துத் திருத்துவதற்காக விலை குறைந்த துணியில் தளர்வாகத் தைத்து, உடுத்திப் பார்த்தபின் பிரிக்கப்படும் உடை. கைப்பகுதியை மட்டும் தைத்தால் 'கை வெள்ளோட்டம்', மேலுடை மட்டும் என்றால் 'மேலுடை வெள்ளோட்டம்'.

'பேட்டர்ன்' என்பதற்கும் சொல் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். காகிதத்தில் வரைவதையும் பிரித்த காடாத் துண்டையும் ஒரே சொல்லால் குறிக்கலாமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதைத் தனி இழையில் பேசலாம். இந்த வரைவில் 'தளர்வாகத் தைத்து' என்ற இடம் போதுமான தெளிவோடு இருக்கிறதா என்று மட்டும், தைக்கிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.