முண்டு மிளகாய் பூவில் இருக்கும்போது இலைப்பேனுக்கு மருந்து: தேனீப் பெட்டிகளை எப்படிக் காப்பது?

தோப்புத்தேன்:
திருப்புல்லாணிக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் தென்னந்தோப்பு. நியூட்டன் வகைத் தேனீப் பெட்டி 12, எல்லாம் இந்தியத் தேனீ. வடகிழக்கே 300 மீட்டர் தள்ளி முண்டு மிளகாய், ஊடுபயிராகக் கொத்தமல்லி. இரண்டும் பூவில் இருக்கு. அதை ஒட்டிப் பருத்தி. மிளகாயில் இலைப்பேன் (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) ஏறி இலை மேல்நோக்கிச் சுருளுது. இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் என்ற இரண்டு பூச்சிமருந்து, கூடவே ஒரு பூஞ்சாண மருந்து, மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்லி மருந்துக் கடையில் எழுதிக் கொடுத்திருக்காங்க. வயல்காரர் சொன்னால் கேட்பார். எதை அடிக்கலாம், எந்த நேரம்? அன்றைக்கு மட்டும் பெட்டியை மூடி வைத்தால் போதுமா?

மிளகாய்க்கொல்லை:
அண்ணே, முதலில் அந்தக் கலவை வேண்டாம்னு சொல்லுங்க. இமிடாகுளோப்ரிட் செடிக்குள் இறங்கிச் சாற்றோடு ஏறும். பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். மேலே தெளித்தது காய்ந்தாலும் உள்ளே இருப்பது போகாது. அதனால் ராத்திரியில் அடித்தாலும், பெட்டியை ஒருநாள் மூடினாலும் பயன் குறைவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாகுளோப்ரிட், தயாமீத்தாக்சம், குளோதியானிடின் மூன்றையும் திறந்தவெளிப் பயிருக்குத் தடை செய்ததற்குத் தேனீதான் காரணம். ஃபிப்ரோனிலும் தேனீக்குக் கடும் நஞ்சு.

பூஞ்சாண மருந்து எதுவென்று பாருங்க. புரோபிகோனசோல், டெபுகோனசோல் மாதிரி "கோனசோல்" என்று முடிந்தால் பூச்சிமருந்தோடு கலக்கவே கூடாது. தனியாக அடித்தால் தேனீயை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் தேனீயின் உடம்பில் நஞ்சை முறிக்கும் நொதியை அது முடக்குது. கூட லாம்டா சைஹாலோத்ரின், அசிட்டாமிப்ரிட் போன்றவை இருந்தால் அவற்றின் நஞ்சு பல மடங்கு ஏறும். சாம்பல் நோய்தான் பிரச்சினை என்றால் நனையும் கந்தகம், லிட்டருக்கு 3 கிராம், தனியாக அடிக்கலாம். வெயில் ஏறிய நேரத்தில் அடித்தால் இலை கருகும்.

இலைப்பேன் இப்போதுதான் ஏறுது என்றால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் போதும். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழியணும். சாறு பால் மாதிரி வரணும். வரவில்லை என்றால் கொட்டை பழசு, வேலை செய்யாது. அடிக்கும் முன்னால் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்கணும், இல்லாவிட்டால் இலையில் ஒட்டாமல் வழிந்துவிடும். இலைப்பேன் பூவுக்குள்ளும் இலையின் அடிப்பக்கமும் ஒளிந்திருக்கும், மேலாகப் புகையடிப்பது போல் அடித்துவிட்டு "வேப்பங்கொட்டை கேட்கலை" என்று சொல்லக் கூடாது.

அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பைனோசாட் 45 எஸ்.சி. என்ற பூச்சிமருந்து, 10 லிட்டருக்கு 3.2 மி.லி. ஈரமாக இருக்கும்போது தேனீயைக் கொல்லும். நன்றாகக் காய்ந்த பிறகு ஆபத்து மிகவும் குறையும். அதனால் பொழுது சாய்ந்து தேனீ எல்லாம் கூடு அடைந்த பிறகே அடிக்கணும். காலையில் அடிக்கவே கூடாது. மிளகாயும் மல்லியும் தேனீயைக் கூப்பிடும் நேரம் அதுதான்.

டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தை நம்பாதீங்க. அது மனிதருக்கும் கால்நடைக்கும் எவ்வளவு நஞ்சு என்பதற்கான அடையாளம், தேனீக்கானது அல்ல. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் படிக்கணும்.

அடைக்காரன்:
பெட்டியை மூடுவது பற்றி. ஸ்பைனோசாட்டை மாலையில் அடிப்பதாக இருந்தால் முழுநாள் அடைப்பு தேவையில்லை. இருட்டிய பிறகு வாசலில் கம்பிவலை வைத்து மூடுங்க. மரத்துண்டு வைத்து அடைத்தால் உள்ளே புழுங்கிச் சாகும். மேலே ஒரு காலித் தேன் அறை வைத்தால் தேனீ ஏறி நிற்க இடம் கிடைக்கும். ஈரச்சாக்கை மூடிமேல் போடுங்க, வலையை மறைக்கக் கூடாது. மறுநாள் காலையில் வெயில் ஏறி, இலையில் பனி காய்ந்த பிறகு திறங்க. தை, மாசியில் இறங்கும் பனி காய்ந்த மருந்தையும் திரும்ப நனைத்துவிடும், அதனால் விடிந்தவுடன் திறக்க அவசரப்படக் கூடாது.

பங்குனி, சித்திரை வெயிலில் பகல் முழுக்க மூடினால் மெழுகு இளகி அடை சரியும். மிஞ்சிய இந்தியத் தேனீ பெட்டியை விட்டே ஓடிவிடும். கடும் மருந்தை அடிக்கத்தான் போகிறார்கள் என்றால் மூடுவதைவிட முந்தின ராத்திரி பெட்டிகளை 3 கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோவது நல்லது. அரைக் கிலோமீட்டர் தள்ளினால் வேலைக்காரத் தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வந்து அலையும்.

வாசலில் குவியலாகச் செத்து, நாக்கு வெளியே நீண்டிருந்தால் மருந்துதான். தலையை அடையின் கண்ணறைக்குள் விட்டபடி செத்திருந்தால் பட்டினி. மருந்து என்றால் மகரந்தம் நிறைந்த அடையை எடுத்துவிட்டு, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு கொடுங்க. அந்த மகரந்தத்தை விட்டுவைத்தால் அதைத் தின்னும் இளம் தேனீயும் புழுவும் வாரக்கணக்கில் சாகும்.

தோப்புத்தேன்:
நன்றி. பருத்திக்காரர், பூ மூடின பிறகு அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். சரியா?

வரப்போரம்:
பருத்தியில் அந்தக் கணக்கு பொய்க்கும். பருத்திக்குப் பூவுக்கு வெளியேயும் தேன் சுரப்பி உண்டு. இலையின் அடிப்பக்கம் நடுநரம்பில் சின்னக் குழியாகத் தெரியும். பூ மூடியிருந்தாலும் தேனீ அங்கே வந்து குடிக்கும், அதாவது மருந்து படிந்த இலையே அதற்குத் தீனி. சாயங்காலம் அடிப்பது சரிதான், ஆனால் உள்ளேறும் மருந்தாக இருக்கக் கூடாது.

இன்னொன்று, இதுவரை பேசியதெல்லாம் பெட்டித் தேனீ பற்றி. வேலியோரச் சீமைக்கருவேலில் கொம்புத்தேனீ ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிட்டிருக்கும். அதற்கு மூட வாசலே இல்லை, மருந்துத் திவலை நேராக அடைமேல் விழும். இந்தக் கரையில் பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் புகை போல் அடிக்கும் பவர் ஸ்பிரேயரின் திவலை வயலோடு நிற்காது. காற்று ஓய்ந்த பிறகு, கைத்தெளிப்பானில், வேலி ஓரம் 10 மீட்டர் விட்டு அடிக்கச் சொல்லுங்க. மிளகாய், கத்தரிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளையிட்டு வாழுது. மிச்ச மருந்தை வரப்பில் ஊற்றினால் அதன் கூடு போச்சு.

தண்ணீரையும் கவனிங்க. கோடையில் ஊருணி வற்றி, கிணறும் உப்பான பிறகு, டேங்க் கழுவின இடத்தில் தேங்கும் நீருக்குத் தேனீ வந்துவிடும். மருந்து கலக்கும் இடத்தைப் பெட்டிப் பக்கம் வைக்கக் கூடாது. கழுவின நீரை அடித்த பயிரிலேயே தெளித்துவிடணும். தோப்பில் அகலமான மண்சட்டியில் நல்ல தண்ணீர், அதில் மிதக்கத் தேங்காய் நார், மருந்தடிப்புக்கு ஒரு வாரம் முந்தியே வைங்க. தேனீ பழகின நீர்த்துறையைச் சட்டென்று மாற்றாது. அடிக்கிற அன்றைக்கு வைத்தால் திரும்பிப் பார்க்காது.