காலையில் ஐந்து நிமிடம் சிரிக்க வைப்பது எப்படி?

பரங்குன்றம் தம்பி:
எங்கள் கல்லூரி சமுதாய வானொலியில் அடுத்த மாதத்திலிருந்து தினமும் காலை ஐந்து நிமிடம் எனக்கும் என் நண்பனுக்கும் தந்திருக்கிறார்கள். நகைச்சுவை நிகழ்ச்சி. அலை எட்டுவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். கேட்கப்போவது ஷேர் ஆட்டோ அண்ணன்மார், வீட்டில் பூக்கட்டும் அக்காமார். பண்பலையில் காலை நிகழ்ச்சி ஓடும்போதெல்லாம் எங்கள் அப்பத்தா, "அவுங்களே சிரிச்சு முடிச்சிர்றாங்க, நாம எங்கய்யா சிரிக்கிறது? தென்கச்சி பேசுனா இப்படியா இருக்கும்" என்பார். தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் பேசிய காலத்தில் நான் பிறக்கவில்லை. வானொலியில் கேட்டவர்கள் சொல்லுங்கள்: அவர் என்னதான் செய்தார்? இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அது வருமா?

வைகைக்கரை:
தம்பி, உங்கள் அப்பத்தா சொன்னதுதான் விஷயமே. தென்கச்சியார் பேசிய 'இன்று ஒரு தகவல்' சென்னை வானொலி நிகழ்ச்சி, சில நிமிடம்தான் வரும். தொண்ணூறுகளில் நான் சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வந்துபோனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்த நேரத்தில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே கேட்பார். தகவல் முடிந்து கடைசிக் கதை தொடங்கியதும் ஆற்றுகிற கை அப்படியே நின்றுவிடும். கடையே சிரித்த பிறகுதான் மறுபடி ஆற்றுவார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தென்கச்சியார் முடித்துவிட்டுப் போயிருப்பார். விளக்கம் கிடையாது, அவர் சிரிப்பதும் கிடையாது.

குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல், வரப்பில் உட்கார்ந்து பக்கத்து வயல்காரரிடம் பேசுவது மாதிரி இருக்கும். அது சும்மா வரவில்லை. கோ. சுவாமிநாதன் வேளாண்மை படித்தவர். திருநெல்வேலி வானொலியில் பண்ணை ஒலிபரப்பில் இருந்துவிட்டுச் சென்னைக்குப் போனவர். விவசாயிக்குப் புரியும்படி பேசிப் பழகிய வாய். 2009இல் காலமாகிவிட்டார். பேச்சுகள் புத்தகமாகவும் வந்திருக்கின்றன, ஆனால் முதலில் ஒலிப்பதிவைத் தேடிக் கேளுங்கள். அவர் நிறுத்துகிற இடம் அச்சில் வராது.

மேலூர் அக்கா:
இரண்டு பேர் தாராளமாகப் பேசலாம் தம்பி. ஆனால் அதற்குத் தென்கச்சியாரைப் பார்க்காதீர்கள், நம்ம பக்கத்துத் திருவிழா மேடையில் போடும் ஸ்பெஷல் நாடகத்து பபூனை, அதாவது கோமாளியைப் பாருங்கள். வள்ளி திருமணக் கதை தொடங்கும் முன் பபூன் வந்து பேசுவார். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரர் "அப்புறம்?", "யாரு, உங்க மாமனாரா?" என்று இடையில் கேட்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. பாதிச் சிரிப்பு அவர் கேட்கிற கேள்வியில்தான் இருக்கிறது. உங்களில் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சரக்கு. வாட்ஸ்அப் ஜோக்கை நம்பாதீர்கள், முந்தின நாளே எல்லாரும் படித்திருப்பார்கள். சமுதாய வானொலியில் பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பது விதி. பூக்கட்டும் அக்காக்களிடமே போங்கள். மல்லி விலை எகிறுகிற அன்று அவர்கள் பேசிக்கொள்வதை உட்கார்ந்து யோசித்து எழுத யாராலும் முடியாது.

பரங்குன்றம் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. நண்பனுக்கு வாய் ஓயாது, அவன்தான் பபூன். கேள்வி என் பங்கு. ஒரு சந்தேகம் அக்கா, மைக்கைப் பார்த்ததும் எல்லாரும் மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்களே?

மேலூர் அக்கா:
மைக்கை நீட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு நீங்களும் நாரை எடுத்துப் பூக்கட்ட உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் வழக்கமான பேச்சு வந்துவிடும். பதிவாகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒலிபரப்பும் முன் அவர்களுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டி, சரி என்ற பிறகு போடுங்கள்.