பழைய ஹாம் ரிசீவர்களின் சேகரிப்பு மதிப்பு: எதை வைத்துக் கணிப்பது?

சிற்றலை நேயன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த என் பெரியப்பா விட்டுச்சென்ற மூன்று ரிசீவர்கள் இப்போது என் பொறுப்பில் உள்ளன. ஒன்று நேஷனல் நிறுவனத்தின் எச்.ஆர்.ஓ., இன்னொன்று ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்.எக்ஸ்-28, மூன்றாவது காலின்ஸ் 75ஏ-4. எதற்கும் நான் இன்னும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. இவற்றின் அருமை தெரிந்த ஒருவரிடம் நியாயமான விலைக்கு ஒப்படைக்க விரும்புகிறேன். ஆனால் ஒரே மாடலுக்கு இணையத்தில் ஒருவர் சொல்லும் விலை இன்னொருவர் சொல்வதைப் போலப் பல மடங்காக இருக்கிறது. துடைத்து, பழுது பார்த்து, பாட வைத்த பிறகு விற்றால் மதிப்புக் கூடுமா, அல்லது இருக்கிறபடியே விடுவது நல்லதா? இவற்றுள் எது உண்மையில் அரியது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வால்வு வாசகர் எழுதியது:

வணக்கம் நண்பரே. விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். ஏலத்தில் உண்மையில் கைமாறிய விலைகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பெட்டிக்கு உரிமையாளர் என்ன எண் எழுதி வைத்திருந்தாலும் அது அவருடைய ஆசையே தவிர விலை அன்று.

பழமை மட்டும் மதிப்பைத் தருவதில்லை. 1946-இல் வெளிவந்த ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38, ரேமண்ட் லோவி வடிவமைத்த பெட்டியோடு அழகாகவே இருக்கும். ஆனால் அது தொடக்கநிலை நேயர்களுக்காக ஏராளமாகச் செய்யப்பட்ட மலிவான செட் என்பதால் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. அதில் மின்மாற்றி இல்லாததால் சேஸிஸ் எனப்படும் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயக்கூடும் என்ற அபாயமும் உண்டு. அதே நிறுவனம் 1950களில் சிறிய எண்ணிக்கையில் செய்த எஸ்.எக்ஸ்-88 விற்பனைக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

உங்களுடைய எச்.ஆர்.ஓ. 1930களின் நடுவில் அறிமுகமான மாடல். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு நிலையங்கள் எதிரிகளின் மோர்ஸ் செய்திகளைப் பிடித்து, சங்கேதங்களை உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்குக்கு அனுப்பியபோது பெரிதும் நம்பியிருந்த ரிசீவர்களுள் அதுவும் ஒன்று என்பதால் அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் போர்க்காலத்தில் அது மிகுதியாகச் செய்யப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதன் மதிப்பு பெரும்பாலும் உடன் இருக்கும் உறுப்புகளைப் பொறுத்தது. அலைவரிசை மாற்றுவதற்கு அதில் சுவிட்ச் கிடையாது. முன்பக்கத்தில் இழுப்பறை போல் செருகும் காயில் (கம்பிச்சுருள்) தொகுப்பைக் கழற்றி வேறொன்றைச் செருக வேண்டும். டயலில் அதிர்வெண் எழுதப்பட்டிருக்காது, 0 முதல் 500 வரையிலான எண்கள்தாம் தெரியும். அந்த எண் எந்த அதிர்வெண்ணைக் குறிக்கிறது என்பதைக் காயில் தொகுப்பின் முகப்பில் உள்ள வரைபடத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆகவே ஏ, பி, சி, டி என்ற நான்கு தொகுப்புகளும், தனியாக வைக்கப்படும் மின்வழங்கியும், ஒலிபெருக்கியும் சேர்ந்திருக்கும் செட்டுக்கும், ஒரே ஒரு காயிலோடு நிற்கும் செட்டுக்கும் விலையில் நல்ல இடைவெளி உண்டு. அலையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரும், அண்டை அலைகளை விலக்கும் படிக வடிகட்டியும் இல்லாமல் மலிவுப் பதிப்பாக வந்த ஜூனியர் மாடலா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேத்தோடு எழுதியது:

மேலே நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பழுதுபார்ப்பதைப் பற்றிய கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சேர்க்கிறேன்.

முதலில், எஸ்.எக்ஸ்-28-க்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். 1940-இல் வந்த 15 வால்வு ரிசீவர் அது. அதில் நிறைந்திருக்கும் காகித மின்தேக்கிகள் இத்தனை காலத்தில் கசியத் தொடங்கியிருக்கும். ஒலிப் பகுதியின் இணைப்பு மின்தேக்கி ஒன்று கசிந்தால் போதும், வெளியீட்டு வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிடில் நேர் மின்னழுத்தம் ஏறி, வால்வு மிகையான மின்னோட்டத்தை இழுத்து, மாற்றுக் கிடைக்காத வெளியீட்டு மின்மாற்றியையும் எரித்துவிடும். மின்தேக்கிகள் புதிதாக மாற்றப்பட்ட செட்டை விரும்புவோரும் உண்டு; ஆனால் யாரோ அவசரமாகச் செய்த வேலையை வாங்குவதைவிட, தொடப்படாத செட்டை வாங்கித் தாமே செய்துகொள்வதையே நான் அறிந்த தேர்ந்த சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். அவர்களுள் சிலர் பழைய மின்தேக்கியின் உறையை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே புதிய மின்தேக்கியைப் பொருத்தி மூடுகிறார்கள். சேஸிஸைக் கவிழ்த்துப் பார்த்தாலும் பழைய தோற்றம் மாறாது. எஸ்.எக்ஸ்-28-இன் ரேடியோ அதிர்வெண் பகுதியைப் பிரிப்பது அனுபவசாலிகளையே திணறடிக்கும் வேலை என்பதால், விற்பனைக்காக மட்டும் அதில் இறங்குவது வீண் செலவு.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். பழைய டயல்களில் எழுத்துகள் பெரும்பாலும் மெல்லிய வண்ணப்பூச்சாகவே இருக்கும். சாராயமோ கரைப்பானோ தொட்ட துணியால் ஒருமுறை தேய்த்தால் எண்கள் துணியோடு வந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டிக்குப் புதுவண்ணம் பூசுவதை எண்ணியும் பார்க்காதீர்கள். உரிந்த பழைய வண்ணத்துக்கு இருக்கும் மரியாதை பளபளக்கும் புது வண்ணத்துக்கு இல்லை.

சிற்றலை நேயன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. எச்.ஆர்.ஓ.வில் எஸ்-மீட்டர் இருக்கிறது, காயில் தொகுப்புகளும் நான்கு உள்ளன; மின்வழங்கியை மட்டும் காணவில்லை, தேடுகிறேன். காலின்ஸ் 75ஏ-4-இன் முன்பலகையில் ஒரு துளையிட்டு, சிறு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். இது மதிப்பைப் பெரிதும் குறைக்குமா?

பக்கப்பட்டை எழுதியது:

குறைக்கும், ஐயா. அந்தக் காலத்தில் ஹாம்கள் ரிசீவரைக் கருவியாகத்தான் பார்த்தார்கள், காட்சிப் பொருளாக அன்று. ஆகவே தமக்கு வேண்டிய மாற்றத்தைத் தயங்காமல் செய்தார்கள். பின்பக்கத்தில் இருக்கும் துளையைச் சேகரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள், முன்பலகைத் துளையைப் பொறுப்பதில்லை. சுவிட்சை அகற்றித் துளையை அடைக்க முயலாமல், அது எதற்காக இணைக்கப்பட்டது என்று பெரியப்பாவின் குறிப்புகளில் ஏதும் இருந்தால் அந்தத் தாளைச் செட்டோடு சேர்த்துக் கொடுங்கள். கையேடு, கட்டணச் சீட்டு, வானொலித் தொடர்பை உறுதிசெய்து ஹாம்கள் அனுப்பிக்கொள்ளும் கியூ.எஸ்.எல். அட்டைகள் ஆகியவற்றையும் பிரிக்காதீர்கள்.

இனி நல்ல செய்தி. உங்கள் மூன்றில் அதிகம் விரும்பப்படுவது 75ஏ-4-ஆகத்தான் இருக்கும். 1955-இல் வந்த இது, ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) முறையில் அனுப்பப்படும் பேச்சைக் கேட்பதற்கென்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டதால், இன்றைய அலைவரிசைகளிலும் உட்கார்ந்து பயன்படுத்தத்தக்க ரிசீவராக இருக்கிறது. மேல்மூடியைத் திறந்து, வேண்டிய அலைப்பட்டையை மட்டும் உள்ளே விடும், செருகக்கூடிய இயந்திர வடிகட்டிகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். மூன்று இடங்கள் உண்டு. பெரும்பாலான செட்டுகள் 3.1 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டியோடு மட்டுமே விற்கப்பட்டன. மோர்ஸுக்கான குறுகிய வடிகட்டி கூடுதலாக இருந்தால் அதற்கே தனி மதிப்பு உண்டு. முதன்மைக் குமிழ் மெல்லச் சுழலும் நுண்திருப்பு வகையா என்பதையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்கால எண்களை விரும்பித் தேடுவோர் இருக்கிறார்கள். எனக்கென்னவோ எண்ணைவிட வடிகட்டிகளே முக்கியமாகத் தோன்றுகின்றன, ஏனெனில் அவை கேட்பதில் வேறுபாட்டைக் காட்டுகின்றன.

அரியது எது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஆர்-390ஏ தொழில்நுட்பத்தில் மிக உயர்ந்தது. ஆனால் பல நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்துப் பெருந்தொகையில் செய்ததால் அதை அரியது என்று சொல்ல முடியாது. அதன் மீட்டர்களில் ரேடியம் பூசப்பட்டிருந்ததால், இராணுவம் பல செட்டுகளை மீட்டர்களைக் கழற்றிய பிறகே வெளியே விட்டது. ஆகவே அசல் மீட்டரோடு வருவது இன்று விலையை உயர்த்துகிறது. அதே குடும்பத்தில் நெடிய அலைகளுக்காக வந்த ஆர்-389 மிகக் குறைவாகச் செய்யப்பட்டதால், அது கிடைப்பதே அபூர்வம். உங்களுடைய மூன்றும் அந்த வகையில் சேராது. நன்கு அறியப்பட்ட, வாங்க ஆள் இருக்கிற மாடல்கள் அவை. விற்பவருக்கு அதுவும் வசதிதான்.

வால்வு வாசகர் எழுதியது:

அனுப்பும் முறையைப் பற்றி ஒன்று. எஸ்.எக்ஸ்-28 பெட்டியோடு 30 கிலோவைத் தாண்டும். ஒரே அட்டைப் பெட்டியில் அடைத்து அனுப்பினால், கீழே விழும்போது மின்மாற்றியின் கனமே சேஸிஸை வளைத்துவிடும். வாங்குபவர் நேரில் வந்து எடுத்துச் செல்வதை நிபந்தனையாக வைப்பதே நல்லது. அப்படி இயலாவிட்டால், பெட்டிக்குள் பெட்டியாக, இடையில் கெட்டியான நுரைப் பலகை வைத்து அனுப்புங்கள், எச்.ஆர்.ஓ.வின் காயில் தொகுப்புகளைத் தனியாகச் சுற்றி வேறு பெட்டியில் வையுங்கள். மின்வழங்கி கிடைத்தால் அதன் பின்புறத்தையும் சேர்த்துப் படமெடுத்து இங்கே போடுங்கள், அசல்தானா என்று பார்த்துச் சொல்கிறோம்.