இன்டிசைன்: படப் பக்கங்களில் பக்க எண் தெரியவில்லை, உதவுங்கள்

வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் 312 பக்கப் புத்தகமாக இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைக்கிறேன்.

பேரன்ட் பேஜில் (பல பக்கங்களுக்கும் பொதுவான மாதிரிப் பக்கம்) பக்க எண் குறியைப் போட்டுவிட்டேன். முன்பகுதி 16 பக்கத்துக்கு ரோமன் எண், அப்புறம் முதல் அத்தியாயம் 1 என்று தொடங்கத் தனி செக்ஷன். இதெல்லாம் சரியாக வருகிறது.

சிக்கல் முழுப்பக்கப் புகைப்படங்களில்தான். படம் எண்ணை மூடிவிட்டது. எண்ணைத் தனி லேயரில் (அடுக்கில்) வைத்து மேலே கொண்டுவந்தேன். ஆனால் இருண்ட படத்தின் மேல் கறுப்பு எண்ணைப் படிக்க முடியவில்லை. வெள்ளை எண்ணோடு இன்னொரு பேரன்ட் பேஜ் வைப்பதா, ஒவ்வொரு பக்கமாக ஓவர்ரைடு செய்வதா (அந்தப் பக்கத்தில் மட்டும் எண்ணை மாற்றுவதா)? பிறகு பக்கங்கள் இடம் மாறினால் எது குழம்பாமல் நிற்கும்?

சொன்னவர்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் கையில் புத்தகம் சீக்கிரம் சேரவேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.